நாற்கரத்தைக் கண்ணால் அறியலாமா?

நான்கு பக்கங்களும் சமமாயிருப்பின் உருவம் சதுரமே என்று எண்ணும் பிழை பள்ளியில் மட்டுமன்றி, நிலம் அளக்கும் களத்திலும் நேர்வதுண்டு. படத்தைக் காட்டிப் பெயரை நெட்டுருச் செய்விக்கும் போதனா முறையே இதற்கு முதற்காரணம் எனலாம். மூலைகளின் ஆயத்தொலைவுகளைக் கொண்டு நாற்கரத்தின் வகையை நிறுவும் பயிற்சிக்கே வகுப்பில் முதலிடம் தரப்பட வேண்டும் என்பது எமது கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மனையின் மூலைகள், மீட்டர் அளவில், முறையே அ (25, 0), ஆ (88, 16), இ (63, 76), ஈ (0, 60) என்க. ஒவ்வொரு பக்கமும் சரியாக 65 மீட்டர். இதைச் சதுரமெனக் கொண்டு, பரப்பு 4,225 சதுர மீட்டர் என எழுதிவிடுதல் எளிது.

இனி மூலைவிட்டங்களை நோக்குவோம். இரண்டுக்கும் நடுப்புள்ளி (44, 38) ஆதலின் உருவம் இணைகரம். அவற்றின் சாய்வுகள் 2, −1/2, பெருக்கற்பலன் −1. எனவே அவை ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன, உருவம் சாய்சதுரம். ஆயின், அவற்றின் நீளங்கள் ஏறக்குறைய 84.97 மீட்டரும் 98.39 மீட்டரும் ஆகும். அவை சமமல்ல, ஆகவே இது சதுரமன்று. மூலைவிட்டங்களின் பெருக்கற்பலனில் பாதியாகிய உண்மைப் பரப்பு 4,180 சதுர மீட்டரே. எஞ்சிய 45 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட நிலம், ஏட்டில் இருக்கும், தரையில் இராது.

பக்க அளவுகள் மட்டும் நாற்கரத்தின் பரப்பை நிலைநிறுத்தா என்பது புதிய செய்தியன்று. 1150-இல் எழுந்த லீலாவதியிலேயே இரண்டாம் பாஸ்கரர் இதனை வற்புறுத்தியுள்ளார்.

இம்முறை கடினமானது எனச் சிலர் கூறுவர். இதற்கு வேண்டுவன கழித்தலும் வர்க்கமும் சராசரியுமே. நிலைக்குத்துக் கோட்டிற்குச் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே உணர்த்துதல் நன்று. நடுப்புள்ளிகள் ஒன்றாதபோது எதிர்ப்பக்கங்களின் சாய்வுகளை ஒப்பிடலாம். ஒரு சோடி மட்டும் இணையாயின் அது சரிவகம். சதுரம் என்பது செவ்வகமும் சாய்சதுரமும் ஒருங்கே ஆனது என்னும் உண்மையும் இவ்வழியில் மாணவர்க்குத் தானே விளங்கும்.

ஆகவே, ஆசிரியர்கள் பெயரைச் சொல்லிப் படம் வரையச் செய்வதோடு அமையாமல், நான்கு புள்ளிகளைத் தந்து பெயரை நிறுவச் செய்வாராக. களப் பணியாளர்கள் நான்கு பக்கங்களுடன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறிப்பேட்டில் பதிவாராக. பின்னர் எழக்கூடிய எல்லைத் தகராறு பல அங்கேயே தவிர்க்கப்படும்.