குடிசையை இடித்தால் காசநோய் போகாது

மும்பை மாட்டுங்காவில் காபி ஹோட்டல் வாசலில் நின்று தாராவிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது மடக்கு உள்ளே போவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "அவா பழக்கவழக்கமே அப்படி சார். எல்லாத்தையும் இடிச்சுட்டு பில்டிங் கட்டிக் கொடுத்தா வியாதி தானா போயிடும்." சொல்பவர் சயான் பக்கம் இறங்கி 90 அடி ரோட்டில் நடந்திருக்க மாட்டார். ஆனால் தாராவிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பையன்களும் இதன் பின்பாதியை அப்படியே நம்புகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

முன்பாதியை முதலில் முடித்துவிடுவோம். மும்பை மாநகராட்சியின் தண்ணீர்க் கணக்கில் கட்டட வாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசை வாசிக்கு 45 லிட்டர். குடிப்பது, சமைப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அந்த 45-க்குள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் கொடுத்துவிட்டு சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 2000-க்குப் பிறகு வந்த குடிசைகளுக்கு அந்த 45 லிட்டரும் சட்டப்படி கிடையாது என்றிருந்தது. 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் தண்ணீர் அவர்களுக்கும் உரிமை என்று சொல்ல வேண்டியிருந்தது.

கொரோனாக் காலத்தில், 2020 ஜூலையில் மூன்று வட்டங்களில் ரத்தப் பரிசோதனை ஆய்வு நடந்தது. அவற்றில் ஒன்று மாட்டுங்கா அடங்கிய எஃப்-வடக்கு, இன்னொன்று செம்பூர் அடங்கிய எம்-மேற்கு. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் தொற்றிப் போயிருந்தது. கட்டடங்களில் 16 சதவீதம் பேருக்கு. அதே வட்டம், அதே மழை, அதே மார்க்கெட். ஆய்வாளர்கள் காட்டிய காரணம், மக்கள் நெருக்கமும் பொதுக் கழிப்பறையும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும்போது யாருடைய பழக்கவழக்கம் ஆறடி இடைவெளியைக் கொண்டுவரும்?

மாட்டுங்காக்காரர்கள் தங்கள் பேட்டை பிறந்த கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1896-இல் மாண்ட்வியில் பிளேக் வெடித்தது. அழுக்கும் கெட்ட காற்றும்தான் காரணம் என்று நம்பிய வெள்ளை அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்து ஏழைகளின் சந்துகளை இடிக்கத் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் இடித்த வீடுகளின் அளவுக்குக் கட்டவில்லை. விரட்டப்பட்டவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள். பிளேக்கைப் பரப்பியதோ எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி. அதே டிரஸ்ட்தான் பிறகு தாதர், மாட்டுங்காவில் அகல வீதியும் மரமும் தோட்டமும் விட்டு மனை பிரித்தது. அங்கே குடியேறிய நம் தமிழ் ஆட்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றால் அதில் ஆசாரத்தின் பங்கைவிட வீதி அகலத்தின் பங்கு அதிகம்.

இனி, பில்டிங் கட்டினால் வியாதி போகும் என்ற பின்பாதி. செம்பூரைத் தாண்டி மான்குர்த், கோவண்டி பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று இரண்டு குடியிருப்புகள் இருக்கின்றன. ரயில் பாதைக்கும் சாலைக்கும் இடம் விட்ட குடிசைக்காரர்களைக் கொண்டுபோய் வைத்த அடுக்குமாடிகள். வீடு 225 சதுர அடி. சாதாரணக் கட்டடத்துக்கு உள்ள இடைவெளி விதி குடிசை மாற்றுத் திட்டத்துக்குத் தளர்த்தப்பட்டதால், ஒரு பில்டிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே சில இடங்களில் மூன்றே மீட்டர். கீழ்த்தளத்தில் உச்சி வெயில் நேரத்திலும் டியூப்லைட் எரிந்தாக வேண்டும். ஜன்னல் உண்டு, ஆனால் திறக்க முடியாது. மேல்மாடிகளிலிருந்து விழும் குப்பை அந்த இடுக்கில்தான் குவிகிறது, நாற்றமும் எலியும் உள்ளே வந்துவிடும்.

2018-இல் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பும் ஐ.ஐ.டி. மும்பையும் சேர்ந்து இங்கே கணக்கெடுத்தார்கள். இந்த இரண்டு காம்பவுண்டுகளிலும் ஏறக்குறைய பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் காசநோய். அதே பகுதியில், கட்டடங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் பி.எம்.ஜி. காலனியில் நூற்றுக்கு ஒரு வீடு. வெளிச்சம் குறைந்த கீழ்த்தளங்களில் நோய் கூடுதல். நோயாளி இருமும்போது பறக்கும் கிருமி, காற்றோடாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். வெயில் பட்டால் சாகும், காற்றோடினால் கலைந்து போகும். இரண்டையும் அடைத்துக் கட்டிவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

செம்பூர் பக்கத்து மாஹுலின் கதை வேறு விதம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த அந்த இடத்தில், மாதத்துக்கு மூன்று தடவைக்கு மேல் மூச்சுத்திணறல் வருகிறது என்று 67 சதவீதம் பேர் சொன்னதாக கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு காட்டியது. 2015-இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் காற்று கெட்டுக் கிடப்பதை ஒப்புக்கொண்டது. 2017-இல் தான்சா தண்ணீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து, ஆட்களை அங்கேயே கொண்டுபோய் இறக்கினார்கள். எல்லாம் பக்கா பில்டிங்தான். 2019-இல் உயர் நீதிமன்றம், யாரையும் மாஹுலுக்குப் போகக் கட்டாயப்படுத்தாதே, வேறு வீடு கொடு, இல்லையென்றால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று அரசுக்கு உத்தரவிட்டது.

அப்படியானால் தாராவி இப்படியே கிடக்கட்டுமா என்பார்கள். கிடக்கக் கூடாது. ஒரே கதவு, ஓரத்தில் குளிக்கவும் கழுவவும் ஒரு மோரி, ஏணி வைத்து ஏறும் பரணாக மாலா, வாசலில் திறந்த சாக்கடை, கும்பார்வாடா குயவர்களின் சூளைப் புகை. இதைக் கொண்டாட என்ன இருக்கிறது? இங்கேயும் காசநோய் உண்டு. ஆனால் படுக்கையாக இருந்த சந்துகளை நிமிர்த்தி நிறுத்தினால் அவை வீடாகிவிடாது. எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பொறுக்கச் சொல்லாதீர்கள்.

தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் எடுத்தது. 2000-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. மற்றவர்கள் வெளியே. அப்படி வெளியேறுபவர்களுக்காக ஒதுக்கிய நிலங்களில் ஒன்று தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 1927 முதல் நகரத்தின் குப்பை விழுகிற இடம். 2016 ஜனவரியில் தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூட வைத்த இடம்.

தாராவித் தமிழர்களே, சர்வே ஆட்கள் வந்தால் எலிஜிபிளா, எத்தனை சதுர அடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதிர் பில்டிங் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கும், முதல் மாடி ஜன்னலில் வெயில் எத்தனை மணி நேரம் விழும், அடியில் கிடப்பது மண்ணா குப்பையா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.