நடுமுன் அளந்தார்கள்

பஞ்சலிங்க அருவியில் நீர் கொட்டினால் கூட்டம் சேருகிறது; எவ்வளவு கொட்டுகிறது என்று கேட்பவர் அரிது.

நீலகிரியின் கிளென்மார்கனில் உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் ஓடைகளை 1968 முதல் அளந்தனர். 1972இல் ஒன்றின் பெரும்பகுதியில் மட்டும் தைல மரம் நட்டனர். முதல் பத்தாண்டில் அதன் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. நடுமுன் எடுத்த கணக்கு இல்லையேல், பழியை மழையின்மீது போட்டிருப்போம்!

கருவி எளியதே: ஓடையின் குறுக்கே 'வி' வடிவ வெட்டுள்ள தடுப்பு. வெட்டில் நீரின் உயரம் இருமடங்கானால், பாயும் நீர் ஐந்தரை மடங்கைத் தாண்டும். உயரத்தில் 2 சதவீதப் பிழை, நீரளவில் 5 சதவீதமாகிவிடும். அளவுகோலை உற்றுப் பாருங்கள், மாணவர்களே!

அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் காட்டில் 1963 முதல் மழைநீரையும் ஓடைநீரையும் வேதியியல் சோதனை செய்ததால் அமில மழை வெளிப்பட்டது. திருமூர்த்தி மலை ஓடைகளுக்கும் இத்தகைய கணக்கேடு வேண்டும் என்பேன். காடு மாறியபின் தொடங்கினால் ஒப்பிட எதுவும் இராது.