இழப்பீடு பிச்சையன்று

உடல் ஊனமுற்ற தொழிலாளிக்காக வழக்காடும் வழக்கறிஞரைப் பிணந்தின்னிக் கழுகென்று பழிப்பது கற்றோர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஏழையின் துன்பத்தில் பங்கு பறிப்பவர் அவர் என்பர். இழப்பீட்டுச் சட்டம் இருக்க வழக்கு எதற்கு என்றும் வினவுவர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வழக்கறிஞர் வார்ட் ஸ்டீபன்சனின் வாழ்வே சான்று.

எண்ணெய் ஆலைகளும் கப்பல் கட்டும் துறைகளும் நிறைந்த ஆரஞ்சு என்னும் நகரில் அவர் தொழில் நடத்தினார். அங்கே வெப்பக் குழாய்களுக்குக் கல்நார் போர்த்திய தொழிலாளர், அதன் தூசியைச் சுவாசித்து நுரையீரல் இறுகி மாண்டனர். இழப்பீட்டுச் சட்டமோ வரையறுத்த ஒரு தொகையைத் தந்து முதலாளிக்குக் காப்பளித்தது. தூசியை விற்றவனை அது தீண்டவே இல்லை. ஆகவே, கல்நாரை ஆக்கி விற்ற நிறுவனங்களையே ஸ்டீபன்சன் நீதிமன்றத்திற்கு இழுத்தார். 1966இல் தொடுத்த முதல் வழக்கில் 1969இல் தோற்றார். தளர்ந்தாரா? அதே ஆண்டில் கிளாரன்ஸ் போரல் என்னும் தொழிலாளிக்காக 11 நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்.

போரல் 1936 முதல் 33 ஆண்டுகள் அத்தூசியில் உழன்றவர். மூக்கிலிருந்து தூசியைக் கைகொள்ளச் சிந்தியதாகவும், உள்ளே சென்றது கரைந்துவிடும் என்றே நம்பியதாகவும் அவர் வாக்குமூலம் அளித்தார். விசாரணைக்கு முன்பே, 1970இல், இறந்தார். தொழிலாளி ஆபத்தை அறிந்தே ஏற்றான் என்று நிறுவனங்கள் வாதிட்டன. இங்கிலாந்திலோ 1930இலேயே அரசு அறிக்கை கல்நாரின் கேட்டை உரைத்திருந்தது. ஆலைக்காரர் அறியாததைக் கூலியாள் அறிந்திருந்தான் என்பது எத்தகைய நியாயம்?

1973 செப்டம்பர் 10ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் போரலின் மனைவிக்குக் கிடைத்த வெற்றியை உறுதிசெய்தது. ஆக்குவோன் தன் பொருளைப் பற்றி வல்லுநருக்குரிய அறிவு உடையவனாதல் வேண்டும். ஆய்ந்தறிந்து எச்சரித்தல் அவன் கடன் என்றது. அத்தீர்ப்பைக் காண ஸ்டீபன்சன் இல்லை. சில நாள்களுக்கு முன்னரே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் திறந்த வழியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் நீதி கேட்டனர்.

பின்னாளில் கல்நார் வழக்குகளால் பெருஞ்செல்வம் குவித்த வழக்கறிஞரும் உளர், மறுப்பதற்கில்லை. மருத்துவருள் சிலர் பொருளாசை கொண்டார் என்பதற்காக மருத்துவத்தை இகழ்வாருண்டோ?

மலேசியாவிலும் 1969ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டம் உதவித்தொகை வழங்குகிறது. முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையை அடைக்கவும் செய்கிறது. உதவித்தொகை வேண்டியதே. ஆனால் அது ‘யார் பிழை?’ என்னும் வினாவிற்கு விடையாகாது. அவ்வினாவை எழுப்பவே வழக்கறிஞர் வேண்டும்.

போரலின் வழக்கு, பொதியின்மீது எழுதப்படாத, எழுதியபோதும் மரணத்தைச் சொல்லாத எச்சரிக்கையைப் பற்றியது. எழுத்தறிவிக்கும் ஆசிரியர் இதனை உணர்தல் வேண்டும். சட்டம் பயில விழையும் மாணவனிடம் வருவாயை மட்டும் காட்டுவது கல்வியாகாது. எழுதாமல் விட்ட சொல்லுக்கும் கணக்குக் கேட்கும் துணிவை ஊட்டுவதே கல்வி.