ஊர்ப் பெயர் மட்டும் போதாது

ஜப்பானியப் பச்சைத் தேநீர் வாங்குபவர்கள் ஊர்ப் பெயரைத்தான் பார்க்கிறார்கள்: உஜி, ஷிசுவோகா, யாமே. செடியின் ரகம் எது என்று உறையில் தேடினால் பெரும்பாலும் இருக்காது. அது கட்டாயம் இருக்க வேண்டும். ஹிகோசபுரோ சுகியாமா 1908-இல் ஷிசுவோகாவில் தேர்ந்தெடுத்த யாபுகிதா என்ற ஒரே ரகம்தான் அந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் பாதிக்கும் மேல் நிற்கிறது. தரமான செடி, அதில் குறையில்லை. ஆனால் இரண்டு ஊர்த் தேநீரை அருகருகே வைத்துச் சுவைப்பவர், பல நேரம் ஒரே செடியைத்தான் இருமுறை குடிக்கிறார். பக்கத்தில் ககோஷிமாவின் சாயேமிதோரி ரகத்தை வைத்தால் வேறுபாடு தெரியும்: துவர்ப்பு குறைவு, உமாமிச் சுவை தூக்கல், நிறமும் பளிச்சென்ற பச்சை. இத்தனைக்கும் அது யாபுகிதாவின் வாரிசு!

மண்ணும் நிழலும் இலையை ஆவியில் வேகவைக்கும் நேரமும்தானே சுவையைத் தீர்மானிக்கின்றன என்பார்கள். பாதி உண்மை. ஆனால் ஊர்ப் பெயரும் அப்படியொன்றும் துல்லியமானதல்ல. உஜி இருக்கும் கியோட்டோவில் பதப்படுத்தினால், அண்டைப் பகுதிகளான நாரா, ஷிகா, மியேயின் இலைகளும் உஜி தேநீரில் சேரலாம். ஆண்டுதோறும் ஒரே சுவை தருவதே தங்கள் திறமை என்கிறார்கள் கலவை வல்லுநர்கள். மறுக்கவில்லை. கலந்த ரகங்களை அச்சிடுவதால் அந்தத் திறமை குறையாது. உறையில் அவை அச்சாகும் வரை, வாங்கும்போது ரகம் எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.