சிலிண்டர் ஆறு மாதம் வந்தது

அப்பா போன பிறகு, அம்பாசமுத்திரம் பக்கத்து ஊரில் அம்மா 7 வருஷம் தனியாக இருந்தாள். யாரையும் அண்டாமல் இருக்கிறாளே என்று எங்களுக்குப் பெருமை. அவளுக்கு ஒரு சிலிண்டர் ஆறு மாதம் வரும். "எவ்வளவு சிக்கனம் பாரு" என்று எங்கள் வீடுகளில் அதையும் மெச்சிப் பேசியிருக்கிறோம். 14 கிலோ கேஸ் ஆறு மாதம் வருகிறதென்றால் அந்த அடுப்பு எத்தனை வேளை எரியாமல் கிடந்திருக்கும் என்று பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தினமும் போன் செய்தோம். "சாப்டியாம்மா?" "ஆச்சுய்யா." அதோடு விட்டுவிட்டோம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். காலையில் டீயும் ரஸ்க்கும். மத்தியானம் முதல் நாள் சோற்றில் மோர், நார்த்தங்காய் ஊறுகாய். ராத்திரி ஒரு வாழைப்பழம், சில நாள் அதுவும் இல்லை. சொதியும் காணத் துவையலும் சிறுகிழங்குப் பொரியலுமாக எட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்ட கை அது. "ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்க?" என்று அவள் பலமுறை சொன்னாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம்.

போன ஐப்பசியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எடை 41 கிலோ. ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 7.8. டாக்டர் எலும்பைவிடத் தசையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். வயதாக ஆகத் தசை கரையும், புரதம் போதாவிட்டால் வேகமாகக் கரையும், அப்புறம் கால் தடுமாறினால் உடம்பைத் தாங்கிப் பிடிக்க வலு இருக்காது. கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 0.8 கிராம் புரதம் வேண்டும். மோர்ச்சோறும் ரஸ்க்கும் அதில் பாதியைத் தொட்டிருந்தாலே அதிகம்.

வீட்டில் பருப்பு இல்லாமல் இல்லை. ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்கு வாங்கி டப்பாவில் சேர்த்துவைத்தாள். பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்து நாங்கள் சாம்பார் வைத்தோம். இதை எழுதக் கை கூசுகிறது.

இனித் தனியாக விடக்கூடாது என்று, வீட்டுக்கு நாலு மாதம் என முறை வைத்தோம். ஊரில் பிள்ளைகள் இப்படித் தாயைப் பங்கு போட்டதைப் பார்த்து எத்தனை குறை பேசியிருப்போம்! அங்கே அடுப்பு அவளுடையது, ஆக்கத்தான் மனசில்லை. எங்கள் வீடுகளில் ஆக்கியது இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூச்சம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதில்தான் கை வைப்பாள். கடைவாய்ப்பல் இல்லாதவளுக்குச் சப்பாத்தியை வைத்துவிட்டு, பாதியோடு அவள் எழுந்தபோது "அம்மாவுக்கு வயிறு சின்னது" என்றோம். மருமகள்களைக் காட்டித் தப்பிக்க முடியாது. அவர்களும் வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வருகிறார்கள். அவள் தட்டைப் பார்க்க வேண்டியவர்கள் பெற்ற பிள்ளைகளான நாங்கள்.

இப்போது தங்கை வீட்டு முறை. காலையில் அவள் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அந்த வேளை மட்டும் ஒரு இட்லி கூடவே இறங்குகிறது, ஒரு முட்டையும். மத்தியானம் வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போன பருப்புச் சாதம் சாயங்காலம் அப்படியே இருக்கிறது. "எடுத்துச் சாப்பிட வேண்டியதுதானேம்மா?"

"யாராச்சும் வரட்டும்னு இருந்தேன்."