யாருடைய சுயதொழில்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஏழைப் பெண்ணின் துயருக்கு ஒரே மருந்துதான் உண்டென்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள் போலத் தோன்றுகிறது. அம்மருந்தின் பெயர் தையல் இயந்திரம். கணவன் போரில் மாண்டானா? தையல் இயந்திரம். காணாமற் போனானா? தையல் இயந்திரம். இருந்தும் குடும்பத்தைக் கவனியாது விட்டானா? அதற்கும் தையல் இயந்திரமே. மண்டபத்திலே பதாகை கட்டி, விருந்தினருக்கு மாலை சூட்டி, கொடுப்பவரும் பெறுபவளும் இயந்திரத்தின் மீது கைவைத்தபடி நிற்கப் படம் பிடித்து, ‘வாழ்வாதார உதவி’ என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது. அன்று மாலை அவள் அதனை முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு போகிறாள். அதற்குப் பின் நடந்தவை பற்றிப் பதிவேடு பேசுவதில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் விதவைகளானோர் 89,000 பேர் என்று 2010-ம் ஆண்டில் அரசாங்கத் தரப்பிலேயே கூறப்பட்டது. இவர்களுக்கெனப் புதிய சொல்லொன்றும் பிறந்தது: ‘பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்’. தலைமைத்துவமாம்! நாளைய அரிசிக்கு வழி தேடி இன்றிரவு உறங்காதிருப்பதற்குத் தலைமைத்துவம் என்று பெயர் சூட்டியவர்களின் தமிழறிவை என்னென்பது! இதற்குத் துணையாக நிற்பது ‘சுயதொழில்’ என்னும் சொல். இச்சொல்லைத்தான் இங்கே சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

இப்பெண்கள் தைப்பவை யாவை? சட்டை, பாவாடை, பாடசாலைச் சீருடை, தலையணை உறை. அண்மைக் காலத்தில், பிறந்த குழந்தைக்கான சிறு மெத்தையும், பலநிறத் துணித்துண்டுகளை இணைத்து நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையும். முன்னாளில் எமது வீடுகளிலே குழந்தைக்குப் போர்வையை விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்ததில்லை. பாட்டனாரின் நைந்த வேட்டியும் தாயின் பழஞ்சேலையுமே பிள்ளையின் முதல் ஆடை. அதே சேலைதான் ஏணையாகவும் தொங்கும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை புதுத்துணி வேண்டாமென்பர். பலமுறை தோய்த்து மென்மையான பருத்தி பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதமானது என்ற அனுபவ அறிவும் அவ்வழக்கத்துள் அடங்கியிருந்தது. வங்காளத்துக் கிராமப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓடுதையலிட்டுச் செய்யும் காந்தாப் போர்வையும் இத்தகைய தேவையிற் பிறந்ததே. பேரப்பிள்ளைக்காகத் திண்ணையிலிருந்து பாட்டி தைத்த துணிக்கு விலை இல்லை. விலை கேட்க அவள் நினைத்ததுமில்லை.

ஆனால் அதே துணி இன்று சந்தைக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசளிக்க வாங்குகின்றனர். பட்டினத்துக் கடைக்காரர் டசின் கணக்கில் தைக்கக் கொடுக்கின்றனர். சரக்காகிவிட்ட பின்னரும் அதனைச் சூழ்ந்து பாட்டியின் பாசத்தைப் பற்றிய பேச்சே நிற்கிறது. ‘கையால் அன்போடு செய்தது’ என்று சொல்லிக் கடைக்காரர் விலையை உயர்த்துகிறார். ‘வீட்டிலிருந்து பொழுதுபோக்காகச் செய்வதுதானே’ என்று சொல்லி அதே கடைக்காரர் கூலியைக் குறைக்கிறார். பாசம் விற்பவனுக்கு இலாபமாகவும் தைப்பவளுக்கு நட்டமாகவும் ஆகும் விந்தையை எந்தப் பொருளியல் நூலில் தேடுவது?

என் மாணவியொருத்தியின் தாய் இவ்வாறு போர்வை தைப்பவர். துண்டுகளை அளந்து சதுரமாக வெட்ட வேண்டும். வெட்டியவற்றை நிறம் பார்த்துப் பரப்பி, வரிசை வரிசையாக இணைத்து, ஒவ்வோர் இணைப்பையும் மடித்துத் தேய்க்க வேண்டும். ஒரு சதுரம் சற்றே பிசகினாலும் கடைசி வரிசை கோணிப்போகும். பிரித்துத்தான் தைக்க வேண்டும். பின்னர் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊசியால் நூலோட்டி நிறுத்தி, பஞ்சு ஓரிடத்தில் திரளாதபடி குறுக்கும் நெடுக்குமாகத் தையலிட வேண்டும். ஓரப்பட்டி கடைசி வேலை. குழந்தையின் விரல் சிக்கக்கூடிய தளர்ந்த நூல் ஒன்றேனும் இருத்தலாகாது. ஒரு போர்வைக்கு அவருக்கு மூன்று நாட்கள் செல்கின்றன. அவருடைய கணக்குக் கொப்பியைப் பார்த்தேன். துணிக்கு ஒரு நிரல், நூற்கட்டைக்கு ஒரு நிரல், பஞ்சுக்கு ஒரு நிரல். நேரத்துக்கு நிரல் இல்லை. கேட்டபோது சிரித்தார். “சும்மா இருக்கிற நேரத்திலைதானே ரீச்சர் தைக்கிறன், அதுக்கென்ன காசு?” விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, நோயுற்ற மாமியாரையும் பராமரிக்கும் ஒருவர் ‘சும்மா இருக்கிற’ நேரம் எதுவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தொழிற்சாலை முதலாளி கட்டடம் கட்டுகிறான், இயந்திரம் வாங்குகிறான், மின்கட்டணம் செலுத்துகிறான், இயந்திரம் பழுதானால் திருத்துகிறான். இவற்றையெல்லாம் இங்கே செய்பவள் யார்? வீடு அவளுடையது, விளக்கு அவளுடையது, உடைந்த ஊசி அவளுடையது, இடுப்பு வலியும் மங்கும் கண்பார்வையும் அவளுடையவையே. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தபோது, அந்த உயர்வைத் தையற் கூலியோடு சேர்த்துத் தந்த கடைக்காரர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. முதலாளிக்குரிய செலவு முழுவதும் அவளுக்கு. முதலாளிக்குரிய இலாபம் மட்டும் வேறொருவருக்கு. இந்த ஏற்பாட்டுக்கே ‘சுயதொழில்’ என்று பெயர். வீட்டுத் தொழில் என்பது தொழிற்சாலைக்கு வெளியே நீண்டு கிடக்கும் அதன் இன்னொரு பிரிவே என்று 1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலேயே மார்க்ஸ் விளக்கிவிட்டார். இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாது தைத்து 1863-ல் இலண்டனில் இறந்த மேரி ஆன் வாக்லி என்னும் இருபது வயதுப் பெண்ணின் கதையையும் அந்நூலிலே காணலாம். அவளுக்காவது மேற்பார்வை செய்ய ஓர் எசமானி இருந்தாள். குற்றஞ்சாட்ட ஒரு முகம் இருந்தது. எங்கள் பெண்ணுக்கோ தானே எசமானி, தானே கூலி. யாரைக் குற்றஞ்சாட்டுவாள்?

சட்டத்தையும் கேட்டுப் பார்ப்போம். 1941-ன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது; 1958-ன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இருக்கிறது; 1939-ன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. இவையெல்லாம் தொழிலாளர் இரத்தம் சிந்தியும் வாதாடியும் பெற்றவை. இவற்றுள் எதன் நன்மையும் நடைமுறையில் அவளுடைய திண்ணைக்கு வந்து சேர்வதில்லை. ஏனெனில் ‘முதலாளி யார்?’ என்ற கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் போர்வை தைப்பவள் தான் பிள்ளை பெறும்போது ஒருநாள் சம்பள விடுமுறைக்கும் உரித்துடையவளல்லள்! வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் தொழிலாளராக ஏற்கும் 177-ம் இலக்க உடன்படிக்கையைச் சர்வதேச தொழில் தாபனம் 1996-ல் நிறைவேற்றியது. இலங்கை அதனை ஏற்றுறுதி செய்யவில்லை.

கட்டுநாயக்காவோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். 1978-ல் தொடங்கிய அவ்வலயத்தின் ஆடைத் தொழிலாளிப் பெண்கள் படும் பாட்டை நான் மறைக்கவில்லை. எனினும் 2011-ல் தனியார்துறை ஓய்வூதிய மசோதா தங்கள் சேமிப்பைப் பறிக்கப் போகிறதென்று கண்டபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். பொலிசாரின் துப்பாக்கிக்கு ஓர் இளந்தொழிலாளி பலியானான்; மசோதா வாபஸ் வாங்கப்பட்டது. அவர்களால் அது முடிந்தது, ஒரே கூரையின் கீழ் இருந்தமையால். குடாநாட்டின் தையற்காரிகளோ ஆயிரம் கூரைகளின் கீழ் ஆயிரம் தனியர்களாக இருக்கிறார்கள். அடுத்த ஒழுங்கையிலே தைப்பவள் தோழியல்லள், போட்டிக்காரி. அவள் ஐம்பது ரூபா குறைத்தால் இவள் நூறு ரூபா குறைக்க வேண்டும்.

இவ்விடத்திலே கௌரவக் கட்சியினர் குறுக்கிடுவர். “வீட்டோடு இருந்து மானமாகப் பிழைக்கிறாள், அதைக் கெடுப்பானேன்?” என்பர். யாழ்ப்பாணத்து மானம் எப்பொழுதும் பெண்ணின் வாசற்படியிலேயே காவல் நிற்பது. வீட்டுக்குள் இருக்கும் வரையில் பட்டினி கிடந்தாலும் அது மானம். வெளியே வந்து கூலி பேசினால் அவமானம். இதே சமூகம்தான் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதையே தடுத்து வைத்திருந்தது. தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை உரிமையைப் பெறப் பல்லாண்டு போராடி, 1859-ல் அரச பிரகடனம் பெற நேர்ந்தது. சட்டை தைப்பது அந்நாளிலே விடுதலையின் ஒரு பகுதியாயிருந்தது என்பதை மறத்தலாகாது. 1824-ல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கி எழுத்தோடு ஊசியையும் கையில் கொடுத்தபோது, ஊரார் இரண்டையும் ஐயத்தோடுதான் பார்த்தனர். ஆகவே தையலை நான் இகழ்வதாக எவரும் திரிக்க வேண்டாம். தையல் அரிய தொழில். அரிய தொழிலென்பதாலேயே அதற்குக் கூலி கேட்கிறேன்.

இயந்திரத்தோடு கடனும் கூடவே வந்தது தற்செயலன்று. சிங்கர் 1851-ல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளிலேயே அவருடைய கம்பெனி தவணைமுறை விற்பனையைத் தொடங்கி, ஏழை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 1877-ல் அது இலங்கைக்கும் வந்தது. அன்று தவணை இயந்திரத்துக்கு மட்டுமே. இன்று துணி வாங்கக் கடன், நூல் வாங்கக் கடன், முன்னைய கடனின் தவணை கட்டப் புதுக்கடன். போருக்குப் பின் நுண்கடன் கம்பெனிகள் வடக்கின் கிராமங்களில் பெண்களைக் குழுக்களாக்கி, ஒருத்தி தவறினால் மற்றவர்கள் பொறுப்பென்று பிணைத்து விட்டன. வாரந்தோறும் முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் வசூலிப்பாளரை அறியாத கிராமம் உண்டோ? 2018-ல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்கவும் முன்வந்தது. முப்பத்தைந்து வீதம் நிவாரணமாகத் தோன்றும் நாட்டிலே, அதற்கு முன் இருந்த நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2021 மார்ச் 8-ம் நாள் ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் இதே கடன்களுக்கெதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். கடன்காரனுக்கு இனபேதம் கிடையாது. நாங்கள்தான் இன்னும் பேதம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அணியினரையும் சும்மா விடுவதற்கில்லை. சுருட்டுத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டோம். கள்ளிறக்கும் தொழிலாளர் 1970-களின் தொடக்கத்தில் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்து, தவறணை முதலாளிகளின் பிடியிலிருந்து மீண்டதைப் பெருமையோடு பேசுகிறோம். தையற்காரிக்கு என்ன செய்தோம்? 1954-ல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழியில் வந்த நமது கதைகளிலே அவள் வருகிறாள்; வறுமைக்கு அடையாளமாக, இரவில் இயந்திரம் மிதிக்கும் ஓசையாக, இருமலாக வருகிறாள். கூலி பேசும் மனுஷியாக அவள் வருவது எவ்வளவு அருமை! பாடசாலையிலும் நிலைமை வேறன்று. மனைப் பொருளியல் வகுப்பிலே பெண்பிள்ளைகளுக்கு ஓடுதையலும் பின்தையலும் கற்பிக்கிறோம். ஒரு சட்டை தைக்க எத்தனை மணி செல்லும், அம்மணிக்கு எவ்வளவு பெற வேண்டும் என்பதைக் கற்பிப்பதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் கற்பிப்பதில்லை.

முடியாத காரியமென்போருக்கு அகமதாபாத்தைக் காட்டலாம். அங்கே ஆலைகளிலிருந்து கழிவாக வரும் துணித்துண்டுகளை வீட்டில் வைத்துப் போர்வை உறைகளாகத் தைத்துக் கொடுத்தவர்கள் ஏழைப் பெண்கள். இலா பட் 1972-ல் இத்தகைய பெண்களுக்காகச் ‘சேவா’ சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது, முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எவ்வாறு பொருந்துமென்று அதிகாரிகள் தயங்கினர். வாதாடித்தான் பதிவு பெற வேண்டியிருந்தது. துண்டுத்துணிப் பெண்கள் கூலி உயர்வு கேட்டதும் வியாபாரிகள் துணி கொடுப்பதை நிறுத்தினர். அப்பெண்கள் கூட்டுறவு அமைத்து, துணியைத் தாமே வாங்கித் தைத்து விற்கத் தொடங்கினர். நம்மைவிட அவர்கள் படித்தவர்களுமல்லர், செல்வர்களுமல்லர்.

குடாநாட்டிலோ கூட்டுறவு புதிய சரக்கன்று. சங்கக்கடை இல்லாத ஊர் எது? ஒவ்வொரு கிராமத்துத் தையற்காரிகளும் கூடி முதலில் ஒரு கூலிப்பட்டியல் எழுதட்டும். சட்டைக்கு இவ்வளவு, பாவாடைக்கு இவ்வளவு, குழந்தைப் போர்வைக்கு மூன்று நாட்கூலி இவ்வளவு என்று எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டட்டும். அதற்குக் கீழே தைப்பதில்லையென்று தமக்குள் உறுதி செய்யட்டும். துணியும் நூலும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கப்படட்டும். “ஆயத்த உடுப்பு மலிவாகக் கிடைக்கையில் யார் வாங்குவர்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தனியார் வாங்குபவரை மட்டும் நம்பினால் சங்கம் ஒரு வருடத்தில் முடங்கும். ஆனால் நமது வைத்தியசாலைப் பிரசவ விடுதிகளுக்குத் துணி தேவை; முன்பள்ளிகளுக்குப் பாய்விரிப்புத் தேவை. யாவற்றிலும் பெரிது பாடசாலைச் சீருடை. அரசாங்கம் துணியை இலவசமாகத் தருகிறது. தையற் கூலியை யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எந்த அதிபரும் கேட்டதில்லை. புதிய தவணை தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் அவள் இரவு பகலாகத் தைத்த வெள்ளைச் சட்டைகளை அணிந்துதான் நமது மாணவர்கள் காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கிறார்கள். கொலர் சரியாக மடிந்திருக்கிறதா, தெறி சரியாக இருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டு போகிறோம்.

அடுத்த சீருடைத் துணி வருமுன்னர், வலிகாமத்திலோ வடமராட்சியிலோ ஒரு பாடசாலையின் ஆசிரியர்கள் தம் அயலிலுள்ள தையற்காரிகளை அழைத்து, அவர்களோடு இருந்து அந்தக் கூலிப்பட்டியலை எழுதலாம். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.