கைமாறும் இடத்தில் கவனம் தேவை

சிங்கப்பூரில் குழந்தை பிறந்தால், பெற்றோர் ‘லைஃப்எஸ்ஜி’ செயலி வழியாகப் பிறப்பைப் பதிவு செய்யலாம்; அப்போதே குழந்தை போனஸ் திட்டத்திற்கும் விண்ணப்பிக்கலாம். 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழும் மின்னிலக்க வடிவில் வழங்கப்படுகிறது. இதனால் அலைச்சல் குறைந்துள்ளது.

எனினும், இந்த ஒரே சேவையின் பின்னணியில் பல அரசாங்க அமைப்புகள் உள்ளன. ஓர் அமைப்பு தரும் தகவலை நம்பியே மற்றோர் அமைப்பு செயல்படுகிறது. ‘கயல்விழி’ போன்ற பெயரை ஆங்கிலத்தில் பதியும்போது ஓர் எழுத்து மாறினால், அப்பிழை மற்ற பதிவுகளுக்கும் பரவக்கூடும். பிறகு, அதைத் திருத்த யாரை நாடுவது என்று பெற்றோர் தடுமாறுவர்.

ஆகவே, ஒவ்வோர் அமைப்பும் தன் பகுதியை மட்டும் சரிபார்ப்பது போதாது. அஞ்சல் ஓட்டத்தில் அனைவரும் விரைந்து ஓடினாலும், கைமாறும்போது கோல் விழுந்தால் வெற்றி கிட்டுமா? ஒரு விண்ணப்பம் தொடக்கம் முதல் முடிவு வரை செல்லும் வழியை எல்லா அமைப்புகளும் ஒன்றுகூடிச் சோதிக்க வேண்டும். பிழை நேர்ந்தால் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

இதனால் காலம் வீணாகும் எனச் சிலர் கூறலாம். ஆனால், சோதிக்காமல் மிச்சப்படுத்தும் நேரத்தைப் பின்னர் பொதுமக்களே இழக்க நேரிடும். வேகத்தோடு பொறுப்பும் சேர்ந்தால்தான் அது சிறந்த சேவையாகும்.